மஞ்சள் கட்டத்துக்கு வெளியே சென்றவர்

1

இரண்டு கிழமைக்கு முன், செவ்வாய்க்கிழமை காலை தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, வேலணையிலிருந்து வசந்தி என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். வசந்தி என் அக்காவின் மகன் தயாபரனுடைய மனைவி. அவள் அனுப்பியது ஒரு நினைவுத் திருப்பலி அறிவித்தல். நாரந்தனையைச் சேர்ந்த கடற்றொழிலாளி அந்தோனிப்பிள்ளை இறந்து ஒரு வருடமாகிறது. கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டையுடன் இருந்தார். அடையாள அட்டைக்கு எடுத்த படமாக இருக்க வேண்டும். அசையாமல் இருங்கள் என்று யாரோ சொன்னதை இன்னமும் கேட்டுக்கொண்டிருப்பவர் போல நேரே பார்த்தார்.

வழக்கமாக ‘மாமா, சாப்பிட்டியளோ’ என்று எழுதுபவள் அன்று ஒரு சொல்லும் எழுதவில்லை.

அந்தோனிப்பிள்ளையை மோதிய வான் வண்டியின் முன் இருக்கையில் இருந்தவன் நான். இதை வாசிக்கும் யாழ்ப்பாணத் தீவகத்தவர்களில் பலர் அந்த விபத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலை வெயில் சாரதியின் கண்ணைக் குத்தியது, சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே திரும்பிவிட்டார் என்பதுதான் நீங்கள் கேட்ட கதை. காலை வெயில் உண்மை. சைக்கிள் திரும்பியது பொய். அந்தப் பொய்யைப் பொலிஸாரிடம் சொன்னவன் நான். எனக்கு எழுபத்துநான்கு வயது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனி நேரமுமில்லை, உரிமையுமில்லை.

2

இங்கே ரொறன்ரோவில் என்னுடைய நாட்கள் சிறியவை. காலையில் மருந்து, பிறகு நூலகம், மத்தியானம் முதல்நாள் கறி. மனைவி காலமானபின் வீட்டில் நான் தனியே இருக்கிறேன். கார் ஓட்டுவதை ஊரிலிருந்து திரும்பிய கிழமையே நிறுத்திவிட்டேன். கண் சரியில்லை என்று மகனுக்குச் சொன்னேன். கண்ணில் ஒரு குறையுமில்லை.

பஸ்ஸில் போகும்போது முன்கண்ணாடி தெரியாத இடமாகப் பார்த்து உட்காருவேன். ஆனாலும் பக்கத்துக் கண்ணாடி இருக்கிறது. வெளியே பனியில் நடந்து போகிறவர்களைப் பார்த்தால் அவர்கள் ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் விழுகிறது. ஒருவரைச் சுற்றி மட்டும் விழாது. ஒரு நாள் அது தள்ளுவண்டியோடு போகும் கிழவியாக இருக்கும், இன்னொரு நாள் தொப்பி போட்ட தபால்காரனாக இருக்கும். அந்த ஒருவரை விட்டு என்னால் கண்ணை எடுக்க ஏலாது. அவர் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் சேர்ந்த பிறகுதான் மூச்சு விடுவேன். சில நாட்களில் அதற்காகவே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

இது வெறும் மனப்பிரமை என்று எனக்குத் தெரியும். வேலணையில் பதினெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இங்கே வந்து மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் பட்டறையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். கண் எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் வாழ்நாள் முழுவதும் பிழைப்பாக வைத்திருந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எதுவும் தெரியாத ஒருவன் செய்த பிழையல்ல இது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

3

என் மகன் அருள் மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன். கூட்டிக் கழிப்பது ஆங்கிலத்தில், கோபப்படுவதும் ஆங்கிலத்தில். பல வருடங்களாக எங்களுக்குள் பேச்சு என்பது “மருந்து எடுத்தாச்சோ அப்பா?”, “எடுத்தாச்சு” என்ற அளவில் நின்றுவிட்டது. கார்களுக்குப் புதுவிதமான திரை செய்யும் ஒரு சிறிய கொம்பனியில் அவனுக்குப் பரிசோதனை வேலை.

அந்தத் திரை தனியாக இராது. காரின் முன்கண்ணாடியே திரை. தட்டில் வைக்கும் ஒரு சின்னப் பெட்டி, போகவேண்டிய பாதையைப் பச்சை அம்புக்குறியாகக் கண்ணாடியில் விழுத்தும். அம்புக்குறி வீதியின் மேலேயே மிதப்பது போலத் தெரியும். முன்னால் ஆளோ வாகனமோ வந்தால் அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போட்டு எச்சரிக்கும். ஒருநாள் அருள் ஒரு வெறும் கார்த் தரிப்பிடத்தில் எனக்கு அதைப் போட்டுக் காட்டினான். நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். அவனும் உற்சாகமாகப் பதில் சொன்னான். பல வருடத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து கதைத்த நாள் அது.

“இது டெஸ்ட் பீஸ், அப்பா. ரோட்டிலை பாவிக்கக் கூடாது. இந்த லொட்டுக்குள்ளை மட்டுந்தான்” என்றான்.

தெளிவாகத்தான் சொன்னான். எனக்கும் தெளிவாகத்தான் விளங்கியது. இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போகும்போது, என் வீட்டு நிலவறையில் அவன் வைத்திருந்த பழைய பெட்டி ஒன்றைக் கேளாமல் எடுத்து என் சூட்கேசில் சாரத்துக்குள் சுற்றி வைத்தேன். மகன் செய்யும் வேலையை ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை. வேறு காரணம் எதுவும் இல்லை.

4

தயாபரன் என்ற தயா வேலணையில் வாடகைக்கு வான் ஓடினான். ஒரு காணி உறுதியின் பிரதி எடுக்க தயா, வசந்தி, நான் மூவரும் ஒரு காலை யாழ்ப்பாணம் புறப்பட்டோம்.

தீவகத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். காலையில் கடலை ஊடறுத்துப் பட்டினத்துக்குப் போகும் தாம்போதியில் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். அதனால் எங்கள் வான்காரர்கள் பக்கத்தில் ஒருவரை இருத்தி அவருடைய வாயைக் கேட்டு ஓடுவார்கள். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு “சைக்கிள்… மாடு… எதிராலை பஸ்” என்று சொல்லிக்கொண்டே வருவார். தயாவின் வானில் அது வசந்தியின் வேலை.

அன்றைக்கு வசந்தி, “மாமா முன்னுக்கு இருங்கோ” என்று பின்னால் ஏறினாள். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு முன் இருக்கை கொடுப்பது எங்கள் வழக்கம். நான் மறுக்கவில்லை. பெட்டியைத் தட்டில் ஒட்டி வயரைச் செருகினேன்.

வேலணைச் சந்தி கழியுமுன்பே ஒரு ஆட்டைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழுந்தது.

“ஐயோ, ஆட்டுக்குச் சட்டம் போட்டிட்டுது! கலியாணப் படம் மாதிரி” என்று வசந்தி பின்னாலிருந்து கைதட்டினாள்.

“மாமா, என்ரை மாமியைக் கண்டா என்ன கலர் போடும்?” என்று தயா கேட்டான்.

“உங்கடை வாயைக் கண்டாச் சிவப்புப் போடும்” என்று அவன் தோளில் அடித்தாள் வசந்தி.

எதிரே வந்த பஸ், தலையில் கடகத்தோடு போன பெண், மதகில் இருந்த இரண்டு பேர் என்று எல்லோருக்கும் கட்டம் விழுந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. தாம்போதி தொடங்கும் இடத்தில் தயா கண்ணைச் சுருக்கினான்.

“மாமா, இந்த வெளிச்சம் கண்ணுக்குள்ளை நிக்குது. தாம்போதி கழியும் மட்டும் இதை நிப்பாட்டுவமோ?”

“பழகினாச் சரிவரும். இருபது வருசமா ஓடுறாய், இதைப் பழகேலாதோ?” என்றேன்.

தயா அப்படியே ஓட்டினான். அவனுக்கு ஏழாம் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். மாமன் வேறு. மாமன் கனடாவிலிருந்து சுமந்துவந்த சாமானைக் கழற்றி வைக்க அவனுக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆட்களுக்கு இப்படித்தான். வெயிலைப் பற்றிச் சொல்வார்கள், வண்டியைப் பற்றிச் சொல்வார்கள். பெரியவரைப் பார்த்து “இது பிழை” என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

நடுத் தாம்போதியில் பச்சை அம்புக்குறி வீதியை விட்டு விலகி இடப்பக்கம் கடலுக்குள் போனது.

“மாமா, உங்கடை மிசின் எங்களைக் கடலுக்கை இறக்கப் பாக்குது!” என்றான் தயா.

“இறக்கினா இறால் பிடிச்சுக்கொண்டு வருவம்” என்றேன் நான்.

சிரித்தோம். நானும் தயாவும் அந்த அம்புக்குறியைப் பார்த்துச் சிரித்தோம். சிரிப்பு முடிவதற்குள் வானின் முகப்பில் சத்தம் கேட்டது.

மாணவர்களுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும். அம்புக்குறி நாலைந்து மீற்றரில் மிதந்தது. மனிதர் அதற்கு அப்பால் இருந்தார். அத்துடன், நாலு மைல் தூரம் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்ட பெட்டியை நாங்கள் நம்பத் தொடங்கியிருந்தோம். கட்டம் இல்லாத இடத்தில் ஆள் இல்லை என்று மனம் தானாகவே எண்ணிக்கொண்டது.

5

தயா கதவைத் திறந்து ஓடினான். வசந்தி ஓடினாள். நான் முதலில் செய்தது என்னவென்று சொல்கிறேன். வயரைப் பிடுங்கினேன். பெட்டியைத் தட்டிலிருந்து உரித்தெடுத்துக் கைலேஞ்சியில் சுற்றி என் தோள்பைக்குள் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகுதான் இறங்கினேன்.

அந்தோனிப்பிள்ளை வீதியோரக் கல்லில் கிடந்தார். சைக்கிளின் பின்காவியில் கட்டியிருந்த வலை அவிழ்ந்து பரவியிருந்தது. தயா அவருடைய தலையை மடியில் வைத்து “ஐயா, ஐயா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே காலமானார்.

சைக்கிள் எப்படி வந்தது என்று பொலிஸ் உத்தியோகத்தர் கேட்டார். “நேரே போனது, திடீரெண்டு வலப்பக்கம் திரும்பினது” என்றேன். தயா என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கையெழுத்து வைத்தேன்.

தயாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். சைக்கிள் நேரே போனது என்று சொல்லியிருந்தால், “அப்ப ஏன் காணேல்லை?” என்பது அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். அதற்கான பதில் என் தோள்பைக்குள் இருந்தது.

ஊர் அந்தப் பொய்யை எடுத்து வளர்த்தது. காலங்காத்தாலையே குடித்துவிட்டுச் சைக்கிளை வெட்டித் திருப்பினார் என்று கதை வந்தது. குடிப்பதில்லை என்று கோயிலில் நேர்ந்து, பல வருடமாகக் காப்பாற்றி வந்த மனிதர் அவர். அவருடைய மனைவி றெஜினா சந்தைக்கு வந்தால் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று வசந்தி தொலைபேசியில் சொன்னாள். தயாவின் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறித்துவிட்டார்கள். வானை விற்றான். இப்போது யாரோ ஒருவரின் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறான். வழக்கு நடக்கிறது. நான் விமானம் ஏறி இங்கே வந்து, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தேன். அருள் கவனிக்கவில்லை.

6

அறிவித்தல் வந்த கிழமை ஞாயிற்றுக்கிழமை அருள் வந்தான். நிலவறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவன் நின்றபடியே கேட்டான். இடையில் ஒருமுறை, “இதையா? ஊரிலையா?” என்றான். முடிந்ததும் படியில் உட்கார்ந்தான்.

“சூரியன் முன்னாலை நிண்டா இதுக்கு ஆளைத் தெரியாது, அப்பா. சைக்கிளிலை சாமான் கட்டியிருந்தாலும் தெரியாது. அதுக்குத்தான் வெளியிலை கொண்டுபோகக் கூடாது எண்டு சொன்னனான்.”

“ஓம். சொன்னனீ.”

“இது எல்லாத்தையும் ரெக்கோர்ட் பண்ணும். டெஸ்டுக்கு. உங்களுக்குத் தெரியாதோ?”

தெரியாது. ஒரு வருடமாக என் காலடியில், நிலவறைத் தட்டில் அது இருந்திருக்கிறது.

அவன் தன்னுடைய மடிக்கணினியில் அதைச் செருகினான். ஆடு வந்தது. கலியாணப் படம் மாதிரி என்ற குரல் வந்தது. தாம்போதி வந்தது. வெள்ளையாக வெயில். அந்த வெள்ளைக்குள் ஒரு கறுத்த முதுகு, வலை கட்டிய சைக்கிள், வீதியின் இடது ஓரம். எவ்வளவு தெளிவு! அவர் ஆறுதலாக மிதித்தார். ஒரு பக்கமும் ஆடவில்லை. தூரத்தில் வந்த லொறிக்குக் கட்டம் விழுந்தது. விளக்குக் கம்பத்துக்குக்கூட விழுந்து மறைந்தது. அவருக்கு விழவில்லை. இறால் பிடித்துக்கொண்டு வருவோம் என்று என் குரல் கேட்டது. சிரிப்புக் கேட்டது.

அதற்குள் இன்னொரு குரல் இருந்தது.

“முன்னுக்குச் சைக்கிள்.”

வசந்தி. சூரியனுக்கு எதிரே, பின் இருக்கையிலிருந்து, வழக்கம்போல்.

அடுத்தது என்னுடைய குரல். “பொறு பிள்ளை. அது காட்டும்.”

“மாமா, சைக்கிள்! சைக்கிள்!”

அருள் நிறுத்திவிட்டான். நான் ஒரு வருடமாக அந்தக் காலையைத் தினமும் நினைத்திருக்கிறேன். வசந்தி ஒன்றும் சொல்லவில்லை என்று கோயிலிலும் சத்தியம் செய்திருப்பேன். அந்தக் குரலை நான் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ஆனால் அதைக் கேட்டுப் பதில் சொல்லியிருப்பவனும் நான்தான்.

அருள் திரும்பவும் ஓட்டி, விரலால் மேசையில் தட்டி எண்ணினான். அவர் கண்ணாடியில் தெளிவாகத் தெரியத் தொடங்கியதிலிருந்து சத்தம் வரை.

“எட்டு செக்கன், அப்பா” என்றான். பிறகு, “நான் நாளைக்கு ஒவ்பிசிலை சொல்ல வேணும்” என்றான்.

“வேலை போகுமோ?”

“தெரியாது.”

அன்றிரவு அவன் தன் வீட்டுக்குப் போகவில்லை. வரவேற்பறைச் சோபாவில் படுத்தான்.

7

ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடமும் ஒரு பேனாவும் போதுமாக இருந்தன. அதைத் திருப்பி எடுக்க சத்தியக்கடதாசி, மொழிபெயர்ப்பாளரின் முத்திரை, சட்டத்தரணியின் கையொப்பம், அதற்கு மேல் இன்னோர் அலுவலகத்தின் அத்தாட்சி என்று மூன்று கட்டடம் ஏறி இறங்கினேன். ஒரு படிவத்தில் ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று கேட்டு, எழுதுவதற்கு ஒரு விரல் அகலம் இடம் விட்டிருந்தார்கள்.

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண் எங்கள் பக்கத்துப் பிள்ளை. தட்டச்சுச் செய்துகொண்டு போனவள் கையை நிறுத்தினாள்.

“ஐயா, ‘தவறுதலாகக் கூறப்பட்டது’ எண்டு போடட்டோ? எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை.”

“பொய் சொன்னேன் எண்டு போடும்.”

“அது உங்களுக்குத்தான் பிரச்சினை, ஐயா. அங்கை போனா உங்களையும் பிடிப்பினம்.”

“தெரியும். போடும், பிள்ளை.”

போட்டாள். என்னிடம் வாசித்துக் காட்டும்போது அந்தச் சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்தி வாசித்தாள்.

8

முதலில் தயாவை அழைத்தேன்.

“மாமா, வழக்குக்கு மூண்டு கிழமைதான் இருக்கு. லோயர் உங்கடை வாக்குமூலத்தைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்” என்றான்.

“அதைத்தான் உடைக்கப் போறன். உன்னை மறியல் வீட்டிலை பூட்டினாலும் பூட்டுவினம், தயா. அதுக்குத்தான் கடதாசியைக் குடுக்க முதல் உன்னட்டைக் கேக்கிறன்.”

அவன் தோட்டத்து நீர் இறைக்கும் இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“நான் அண்டைக்கே சொல்லியிருக்கலாம். உங்களைப் பொய்யன் எண்டு பொலிசுக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? அதுதான் வாயை மூடினனான். கண்ணாலை பாத்து ஓடியிருக்க வேண்டியவன் நான். மறியல் எண்டா இருப்பன், மாமா. றெஜினா அக்காவைக் கண்டா மற்றப் பக்கத்தாலை போறதுதான் ஏலாமல் கிடக்கு.”

வசந்தி தொலைபேசியை வாங்கினாள். வீடியோ இருப்பதைச் சொன்னேன்.

“மாமா, அதிலை நான் சொன்னது கேக்குதோ?”

“கேக்குது. மூண்டு தரம் சொன்னனீ.”

அவள் அழத் தொடங்கினாள். “சொன்னனானோ இல்லையோ எண்டு ஒரு வருசமா எனக்கே தெரியேல்லை, மாமா.”

அவளிடம் கேட்டுத்தான் றெஜினாவின் இலக்கத்தை எடுத்தேன். அழைத்தபோது அங்கே பின்னேரம். நான் யார் என்று சொன்னேன்.

“தெரியும், மாஸ்ரர். சொல்லுங்கோ” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, அம்புக்குறி, சிரிப்பு, தோள்பை, பொலிஸ். முடிந்தபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப அவர் திரும்பேல்லை?”

“இல்லை, தங்கச்சி. நேராத்தான் போனவர். ஓரத்தாலை, நேரா.”

“கொஞ்சம் பொறுங்கோ” என்று யாரையோ கூப்பிட்டார். கதிரை இழுபடும் சத்தம், காலடிச் சத்தம். “பெரியவன் வந்திருக்கிறான். மகளும் நிக்கிறாள். இப்ப சொல்லுங்கோ.”

சொன்னேன். யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்க முன்னமே றெஜினா தடுத்துவிட்டார்.

“அதெல்லாம் பிறகு. நீங்கள் இதை வழக்கு நாளிலை கோட்டிலை வந்து சொல்லுவியளோ?”

“வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுறன். திருப்பலிக்கு முதல் வந்திடுவன். கோயிலிலையும் சொல்லுறன், நீங்கள் விட்டால்.”

“படம் இருக்கெண்டு சொன்னியளே. அதிலை அவர் தெரியிறாரோ?”

“தெரியிறார். முதுகு தெரியுது. சைக்கிள் மிதிக்கிறார்.”

“எவ்வளவு நேரம்?”

“எட்டு செக்கன்.”

பிறகு, சந்தையில் சாமான் சொல்வது போல மிகச் சாதாரணமாகச் சொன்னார்:

“கோட்டுக்கு முழுசையும் குடுங்கோ, மாஸ்ரர். எனக்கு அந்த எட்டு செக்கனை மட்டும் வெட்டிக் கொண்டு வாங்கோ. அவர் போய்க்கொண்டிருக்கட்டும்.”